இரத்தக் கையெழுத்து மட்டும் போதாது: அமானுஷ்யத் தொடர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தங்கச்சி, தான் எழுதும் தொடரின் முதல் பகுதியை வாசிக்கத் தந்தாள். சாகக் கிடக்கும் தம்பியைக் காப்பாற்ற அக்கா ஒரு முனியோடு இரத்த ஒப்பந்தம் செய்கிறாள். சமையலறைக் கத்தியால் உள்ளங்கையைக் கிழிக்கிறாள், கரண்ட் போகிறது, தாள் இருட்டில் ஒளிர்கிறது. அடுத்த காட்சியில் அதே கையால் தேங்காய்ப்பால் பிழிகிறாள்.

"சரி, அக்கா எதைக் கொடுத்தாள்?" என்று கேட்டேன்.

"உயிரை."

"முனி அதை எப்ப எடுக்கும்?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. இந்த வகைக் கதைகளில் நான் அடிக்கடி காணும் பெரிய தவறு இதுதான். இரத்தம் சிந்தினால் மந்திரம் தானாகக் கட்டிவிடும் என்று நினைக்கிறோம். இரத்தம் முத்திரை மட்டுமே. ஆளைக் கட்டுவது சொல்.

கொழும்பில் காணி வாங்கி விற்ற எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற, பத்திரத்தை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து செல்லாது. அந்தப் பத்திரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே உறுதி. வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை என்று நாலு எல்லையும் அதில் இருக்கும். முனியோடு செய்யும் உறுதிக்கும் நாலு எல்லை போடுங்கள்: கொடுப்பது யார், கொடுப்பது எது, எந்த நாளில், பேச்சு மாறினால் என்ன. சாட்சியையும் மறக்க வேண்டாம். கதவிடுக்கால் அப்பம்மா பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், கதை இன்னும் எவ்வளவு தூரம் போகும்!

தவணை சொல்லாமல் விடுவது பெரிய நட்டம். 2005 முதல் 2020 வரை ஓடிய சூப்பர்நேச்சுரல் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், நாற்சந்திப் பேயோடு பேசும் பேரம் முத்தத்தோடு முடிகிறது. வழக்கமான தவணை 10 வருடம். செத்த தம்பி சாமை மீட்கப் போகும் டீனுக்குக் கிடைப்பது 1 வருடம்தான். மூன்றாவது சீசன் முழுவதும் அந்த ஒரு வருடம் கரைவதைத்தான் பார்க்கிறோம். அண்ணனும் தம்பியும் சும்மா காரில் போகும் காட்சிகூட நெஞ்சைப் பிசைவது அந்தக் கணக்கால்தான்.

அடுத்தது, தப்பும் வழி. கடைசிப் பகுதியில் யாரோ ஒரு பழைய ஏட்டைக் கண்டெடுத்து ஒப்பந்தத்தை முறித்தால், அதுவரை பார்த்தவர் ஏமாந்துபோவார். இரணியன் வரத்தைப் பாருங்கள். பகலிலும் இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது. நரசிம்மம் வந்தது அந்திப்பொழுதில், கொன்றது வாசற்படியில், ஆயுதம் நகம். வழி முழுக்க வரத்தின் சொல்லுக்குள்ளேயே இருந்தது, கேட்டவனுக்குத்தான் தெரியவில்லை. உங்கள் ஒப்பந்த வாசகத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் திரைக்கதைக்குப் போங்கள்.

தெரியாமல் விரலில் வெட்டுப்பட்டு, ஒரு துளி தாளில் விழுந்து கட்டுப்படுவதையும் விட்டுவிடலாம். அவள் தெரிந்து கொடுத்தால்தான் நமக்கு வலிக்கும்.

இரத்தத்தின் இயல்பையும் மதியுங்கள். சில நிமிடங்களில் உறைந்துவிடும், காய்ந்தால் பழுப்பாகும். அதில் பேனா தொட்டு நாலு பக்கம் எழுத முடியாது. மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ், 1604இல் அச்சான ஆங்கில நாடகம், இதையே காட்சியாக்கியது. தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக்கொடுக்கும்போதே ஃபாஸ்டஸின் இரத்தம் உறைகிறது. 'என் உடம்பே தடுக்கிறதோ' என்று அவன் தயங்க, பேய் நெருப்புக் கொண்டுவந்து இளக்குகிறது. ஒப்பந்தக் காட்சியில் இதைவிடப் பயங்கரம் வேறென்ன?

சடங்கையும் அப்படியே இரவல் வாங்க வேண்டாம். நம் கதைகளில் கொடை உறுதியாவது நீர் வார்ப்பதால். மாவலி தாரை வார்க்கும்போது சுக்கிரன் வண்டாகிக் கெண்டியின் மூக்கை அடைத்தான், வாமனன் தர்ப்பையால் குத்த ஒரு கண் போனது. கற்பூரத்தில் அடித்த சத்தியம் இருக்கிறது, தலையில் கை வைத்த சத்தியம் இருக்கிறது. இரத்தம்தான் வேண்டுமென்றால், அந்த முனி ஏன் இரத்தம் கேட்கிறது என்று ஒரு வரியாவது சொல்லுங்கள்.

படப்பிடிப்பில் உண்மைக் கத்தியும் உண்மை இரத்தமும் வேண்டவே வேண்டாம். கெட்டிச் சீனிப்பாகு, சிவப்புக் கலரிங், கொஞ்சம் கொக்கோத் தூள் போதும். உள்ளங்கையில் நரம்பும் தசைநாரும் நிறைய இருப்பதால், அதைக் கிழித்தவள் அடுத்த நாள் வேலை செய்ய மாட்டாள்.

தங்கச்சி இரண்டாவது பிரதி கொண்டுவந்தாள். அக்கா இப்போது சீனி பார்க்கக் குத்துவதுபோல விரல் நுனியில்தான் குத்துகிறாள். தவணை, தம்பியின் ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வரும் நாள். மறுநாள் காலை சொதிக்குத் தேசிக்காய் பிழியும்போது விரல் எரிகிறது. "கையில என்ன பிள்ளை?" என்று அம்மா கேட்கிறாள். அக்கா குழாயைத் திறந்து விரலைக் கழுவுகிறாள்.