பழைய கண்டென்சர் மைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஈரத்தைச் சோதியுங்கள்

ஏசி அறையில் வைத்துக் காட்டினால் எந்தப் பழைய கண்டென்சர் மைக்கும் நல்ல மைக்தான். ஐப்பசி அடைமழையில், கும்பகோணத்து வீட்டுக்குள் அது தாங்குமா என்பதுதான் நமக்கு வேண்டிய பதில். முடிந்தால் மழை விட்ட ஒரு காலையில், ஏசி இல்லாத இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முள் மைக் கேபிள்), காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன், 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் ரெக்கார்டர். என் ஓட்டு ஜூம் ஹெச்5-க்கு. பேட்டரியில் ஓடுவதால், வீட்டு எர்த்திங் சரியில்லாமல் வரும் 'ம்ம்ம்' இரைச்சலை மைக்கின் தலையில் கட்ட வேண்டியிருக்காது. அதே கம்பெனியின் ஹெச்1என் வேலைக்கு ஆகாது, அதில் 48 வோல்ட் கிடையாது.

கேபிளை மாட்டிய பிறகுதான் 48 வோல்ட்டைப் போட வேண்டும். 'டப்' என்று வந்தால் பயப்படாதீர்கள்.

அடுத்ததுதான் பலரும் அவசரப்படும் இடம். ஃபேனை நிறுத்தி, ரெக்கார்டரின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) நன்றாக ஏற்றி, யாரும் பேசாமல் 20 நிமிடம் கேளுங்கள். சீரான மெல்லிய 'ஸ்ஸ்' எல்லா மைக்கிலும் உண்டு. தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல் படபடத்தால் சந்தேகப்படுங்கள்: ஈரத்தின் வழியே கேப்ஸ்யூலின் (மைக்குக்குள் ஒலியைப் பிடிக்கும் பாகம்) மின்னூட்டம் கசிகிறது. ஆனால் ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்த மைக் என்றால், குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். நல்ல மைக்கே படபடக்கும். குளிர்ச்சி போக அரை மணி நேரம் அப்படியே விட்டு மறுபடி கேளுங்கள். அப்படியும் நிற்கவில்லையா? சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் விலையைக் குறைத்துப் பேசலாம். போகாவிட்டால் டயாஃபிரத்தில் (ஒலிக்கு அதிரும் மெல்லிய சவ்வு) அழுக்கோ சேதமோ இருக்கலாம், விட்டுவிடுங்கள். துணியால் துடைத்துப் பார்ப்பது, வாயால் ஊதுவது, இரண்டும் கூடாது.

அப்புறம், திசை. பெரிய டயாஃபிரம் மைக்குகள் பெரும்பாலானவற்றில் உச்சியில் பேசக்கூடாது, பக்கவாட்டில், பொதுவாக லோகோ இருக்கும் பக்கம் பேச வேண்டும். பேசிக்கொண்டே மைக்கைச் சுற்றி வாருங்கள். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை முக்கியமாகப் பிடிக்கும் வகை) என்றால் பின்பக்கம் குரல் நன்றாக அமுங்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்டால், ஒலி பிடிக்கும் திசையை மாற்றும் பேட்டர்ன் ஸ்விட்ச் இருக்கிறதா, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கோளாறு உள்ளே. ஷாட்கன் மைக்கில் (நீளக் குழாய் வடிவ மைக்) பின்பக்கம் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும், அதற்காகக் கழிக்காதீர்கள்.

நாதஸ்வரம், தவில் பதிவு செய்பவர்கள் உரத்த ஒலியைக் குறைத்து வாங்கும் −10 டெசிபெல் பேட் ஸ்விட்ச் இருந்தால் அதையும் தட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: மாயவரத்திலிருந்து ஒருவர் மைக்கை அரிசி டப்பாவில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். நெல் விளையும் ஊரில் நியாயமான கேள்விதான். ஆனால் தவிட்டுத் தூசி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல்லே போதும், நிறம் மாறியதும் புதிதாகப் போடுங்கள்.