படம் வரைந்த கவரில் குழந்தைக்குக் கடிதம்: எங்கே தவறுகிறோம்?

போன நவம்பரில் தங்கை மகளுக்கு ஒரு கடிதம் போட்டேன். கவரின் முன்பக்கம் முழுக்க ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பச்சைக்கிளி. மழையில் நனைந்து, பல நாள் தாமதமாகத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது கிளியின் பச்சை வழிந்து பின்கோடு மேல் படிந்திருந்தது. போனில் அவள் சொன்னாள்: “மாமா, கிளி அழுதிருக்கு.” அன்றிலிருந்து மையைச் சோதிக்காமல் நான் கவரில் ஒரு கோடுகூடப் போடுவதில்லை.

சோதனை எளிது. அதே பேனாவால் ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கெட்ச் பேனாக்கள் பெரும்பாலும் கலைந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவும் கலர் பென்சிலும் நம்பகமானவை. மெழுகு கிரேயான் தண்ணீருக்கு அசையாது. ஆனால் தபால் கட்டுக்குள் இருக்கும் அடுத்த கடிதத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அது பூசிய இடத்தில் பேனா எழுதாது, ஸ்டாம்ப்பும் சரியாக ஒட்டாது. போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசினால் கவர் வளையும்போது பொருக்கு பொருக்காக உதிரும். பெர்மனென்ட் மார்க்கர் மழையைத் தாங்கும், ஆனால் ஊறி மறுபக்கம் வந்துவிடும். அதனால் கடிதத்தை உள்ளே வைத்துவிட்டு வரையாதீர்கள். காலிக் கவருக்குள் ஒரு அட்டையைச் செருகி வரைந்து முடித்து, அப்புறம் கடிதத்தை வையுங்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, படத்தை முதலில் வரைந்துவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் முகவரியைத் திணிப்பது. குழந்தையின் கைக்கு வருமுன் அந்தக் கவரை நம்மை அறியாத நாலைந்து பேர் படிக்கிறார்கள். முகவரியை வலப்பக்கத்தின் கீழ்ப்பாதியில் முதலிலேயே எழுதுங்கள். கறுப்பு அல்லது நீல மை, வெளிர் நிறத் தாள். அதைச் சுற்றிப் பென்சிலால் லேசாக ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே மட்டும் வரையுங்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோட்டில் முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் எந்த மாவட்டத்துக்குப் பிரிக்கப்பட வேண்டும் என்பதையும், கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்பதையும் சொல்கின்றன. ஒரு பூவின் காம்பு வந்து தொட்டு 1-ஐ 7 ஆக்கிவிட்டால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். பஸ் வரைந்தால் அதில் பெரிதாக எண் போடாதீர்கள். வெளிமாநிலத்துக்கு என்றால் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘குட்டிம்மா’ என்று மட்டும் எழுதினால் தபால்காரர் யாரைத் தேடுவார்? குழந்தையின் முழுப்பெயர், அடுத்த வரியில் அம்மா அல்லது அப்பா பெயர். ‘குட்டிம்மா’வைப் படத்தில் ஒரு பலூனுக்குள் எழுதலாம். வயது, வகுப்பு, பள்ளிப் பெயர், ‘7-ஆவது பிறந்தநாள்’ இவையெல்லாம் கவரின் வெளியே வேண்டவே வேண்டாம். வழியில் பார்க்கும் எல்லோருக்கும் குழந்தையைப் பற்றி இவ்வளவு தெரிய வேண்டியதில்லை.

ஸ்டாம்ப்பின் இடம் வலது மேல் மூலை. படத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அதன் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. பயன்படுத்திய ஸ்டாம்ப் என்று நினைத்துவிடலாம். பக்கத்தில் யாருடைய முகத்தையும் வரையாதீர்கள், கறுப்பு முத்திரை அங்கேதான் விழும். நான் அந்த மூலையை வானமாக விட்டுவிடுவேன். முத்திரையின் வட்டம் விழுந்ததும் அதுவே நிலாவாகிவிடும்.

கிளிட்டர், பட்டன், மணி, நூல் எதையும் கவர் மேல் ஒட்டாதீர்கள். முத்திரை குத்தும்போதும் கட்டாகக் கட்டும்போதும் அவை பிய்ந்துவிடும், கவரும் கிழியும். எடையும் ஏறும். சாதாரண ஏ4 தாள் ஒன்று நாலரை கிராம் அளவுதான். இரண்டு தாளும் மெல்லிய கவரும் கடிதக் கட்டணத்தின் முதல் எல்லையான 20 கிராமுக்குள் அடங்கும், சார்ட் பேப்பரில் செய்த கவர் தாண்டிவிடலாம். ஸ்டாம்ப் குறைந்தால் மிச்சத் தொகையை அபராதத்தோடு குழந்தை வீட்டில்தான் கேட்பார்கள். அஞ்சலகத்தில் எடை போட்டே ஒட்டுங்கள். கையால் செய்யும் கவர் 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

பலரும் யோசிக்காத ஒன்று, கவரை எப்படித் திறப்பார்கள் என்பது. பெரியவர்கள் ஓரத்தைக் கிழித்துவிடுவார்கள். அங்கே யானையின் தும்பிக்கை இருந்தால் அதோடு போயிற்று. ஓரத்தில் ஒரு விரல்கடை விட்டு, புள்ளிக்கோடும் கத்தரிக்கோலும் வரைந்து ‘இங்கே வெட்டு’ என்று எழுதுங்கள். பின்பக்க மடிப்பை முதலையின் வாயாக வரைந்தால் குழந்தையே திறக்க ஆசைப்படும். ஆனால் கோந்தை மடிப்பு முழுக்கப் பூசாமல் நடுவில் மட்டும் வையுங்கள், சின்ன விரலுக்கு வரட்டும்.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கவர். ‘இருவருக்கும்’ என்று ஒன்றாக அனுப்பினால் யார் கையில் அது இருப்பது என்று சண்டை வரும். இரண்டிலும் ஒரே படத்தையும் வரையாதீர்கள். இவளுக்குக் கிளி என்றால் தம்பிக்கு ரயில். ரயிலின் பெட்டிகள் கோணலாக இருந்தாலும் சரி, சக்கரங்களை மட்டும் சரியாகப் போடுங்கள். அவன் எண்ணிப் பார்ப்பான்.