பழைய டிவி, போன், ஃபிரிட்ஜ்: உடைக்காமல் ஒப்படைப்பது எப்படி

திண்டுக்கல்லில் முப்பத்தொரு வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தேன். போன வருடம் கடையை மூடியபோது, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத பெட்டிகள் மட்டும் பதினொன்று இருந்தன. அதில் ஆறு, அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி. 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிவிகள் வீடுகளுக்குப் போயின. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன, பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. இப்போது அவற்றில் பல பரணில் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். அதை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றே ஒன்றை மனதில் வையுங்கள்: எதையும் உடைக்காதீர்கள், யாரையும் உடைக்கவும் விடாதீர்கள். ஒரு டிவி முழுசாக இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் அதைப் பிளக்கும்போதுதான் தொடங்குகிறது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளில் கடைக்குப் பின்னால் வைத்து நாங்களே பிக்சர் டியூப்களை உடைத்திருக்கிறோம். கழுத்தில் சுற்றியிருக்கும் யோக் காயிலில் செம்பு இருக்கும், அதற்காக. கண்ணாடியை ஓடைப் பக்கம் கொட்டினோம். அந்தக் கண்ணாடியின் பின்புறப் புனல் பகுதியில், எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. உள்பக்கம் பூசியிருக்கும் பொடியையும் மூச்சில் இழுத்தோம். என்னிடம் வேலை பார்த்த பையனுக்கு அப்போது பதினாறு வயது. அவனை அந்த வேலைக்கு நான் விட்டிருக்கக் கூடாது.

சரி, வரிசையாக வருவோம்.

ஓடுகிற பொருளை முதலில் பிரித்து வையுங்கள். ஒரு எல்.இ.டி டிவியில் பேக்லைட் போயிருந்தால், ஒரு லேப்டாப்பில் பேட்டரி மட்டும் செத்திருந்தால், அதைக் குப்பை என்று முடிவு செய்யும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரிப்பேர் ஆகாவிட்டாலும், அதில் உள்ள போர்டு இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும். என் கடையில் இருந்த பதினொன்றில் மூன்றை அப்படித்தான் வேறு மெக்கானிக்குகளிடம் கொடுத்தேன். கேபிள் செட்டாப் பாக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு கேபிள் இணைப்பின் பாக்ஸ் உங்களுடைய சொத்து கிடையாது. இணைப்பை நிறுத்தினால் ரிமோட், அடாப்டரோடு கேபிள்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான். பழைய போனின் முதுகு உப்பியிருந்தால் அதற்குள் லித்தியம் பேட்டரி வாயு கக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணலைப் போட்டு, அதில் போனை வைத்து, வெயில் படாத, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒட்டிவைத்த பேட்டரியை நீங்களாகப் பெயர்க்க வேண்டாம், போனோடு சேர்த்தே கொடுக்கலாம். கழற்றக்கூடிய பழைய பேட்டரி என்றால் கழற்றி, அதன் உலோக முனைகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பேட்டரியை மட்டும் தயவுசெய்து குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்குள் குப்பையை அழுத்தும்போது அது நசுங்கித் தீப்பிடித்தால், பக்கத்தில் நிற்பது அந்தத் தூய்மைப் பணியாளர்தான்.

இன்வர்ட்டர் பேட்டரி வேறு கதை. அதற்கு நல்ல விலை இருக்கிறது. புதியது வாங்கும்போது கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார், பழையதைத் திரும்ப வாங்கும் பொறுப்பு 2001 முதலே சட்டத்தில் இருக்கிறது. ஆசிட்டை மட்டும் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கொடுக்காதீர்கள். அந்த ஆசிட்டில் ஈயம் கலந்திருக்கும், போகிற இடம் நம் நிலத்தடி நீர்தான்.

அப்புறம் போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கும் உங்கள் வாழ்க்கை. ஒருமுறை உதிரி பாகத்துக்காக நான் வாங்கிய பழைய போன் ஒன்று ஆன் ஆனது. ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் அதில் இருந்தன. நான் அழித்தேன். எல்லோரும் அழிப்பார்கள் என்று நம்ப முடியாது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் வரிசை முக்கியம். படங்களையும் தொடர்புகளையும் வேறு இடத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். பணம் அனுப்பும் செயலிகளிலிருந்தும் வங்கிச் செயலிகளிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு கூகுள் கணக்கை நீக்குங்கள், அதற்குப் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல், போனை அணைத்துப் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், அடுத்தவர் ஆன் செய்யும்போது அது உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். நல்ல போன் கூடக் கல்லாகிவிடும். ஐபோனில் ஐகிளவுடிலிருந்து வெளியேறாவிட்டாலும் இதே கதைதான். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுக்க மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் என்றால், சாதாரணமாக ஃபார்மட் செய்வது பெரும்பாலும் பட்டியலைத்தான் அழிக்கும், கோப்புகள் தட்டில் அப்படியே இருக்கும். பழைய டெஸ்க்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை நான்கு ஸ்க்ரூ கழற்றினால் எடுத்துவிடலாம். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டிரில்லரால் தட்டுக்குள் மூன்று நான்கு துளை போட்டுவிட்டுக் கொடுங்கள். உடைக்காதே என்றவன் சொல்லும் ஒரே விதிவிலக்கு இது. ஆனால் உள்ளே கண்ணாடித் தட்டும் இருக்கலாம், கண்ணுக்குக் கவசம் இல்லாமல் துளைக்காதீர்கள்.

இனி டிவி. பழைய பெட்டி டிவியின் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். கலர் டிவியின் பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் டியூபில் தங்கியிருக்கலாம், எல்.ஓ.டி-யிலிருந்து (டியூபுக்கு அந்த வோல்ட்டைக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வரும் அந்தத் தடித்த ஒயர் என்னையே இரண்டு முறை சுவரில் தள்ளியிருக்கிறது. டியூபுக்குள் வெற்றிடம். கீழே விழுந்தால் உள்நோக்கி வெடித்துக் கண்ணாடி தெறிக்கும். பரணிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும், திரைப் பக்கம் உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், ஏனென்றால் எடை முழுவதும் முன்னால்தான்.

ஃபிரிட்ஜில் பைப்பை வெட்ட விடாதீர்கள். உள்ளே குளிரூட்டும் வாயு இருக்கிறது. பழையதில் இருக்கும் ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது. இப்போதைய ஆர்-600ஏ எளிதில் தீப்பிடிப்பது. கம்ப்ரஸரின் ஸ்டிக்கரில் எது என்று எழுதியிருக்கும். வண்டி வரும்வரை கதவைக் கழற்றியோ கயிறு போட்டுக் கட்டியோ வையுங்கள், விளையாடும் பிள்ளை உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சி.எஃப்.எல் பல்பிலும் டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு. அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் கூட்டாமல், கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? 2022-இல் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் 106 வகைப் பொருள்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய விதியில் 21 வகைதான். அந்தப் பொருள்களைத் தயாரித்து விற்ற நிறுவனத்துக்குக் கழிவுக்கும் பொறுப்பு உண்டு. ஆகவே முதலில் அந்த பிராண்டின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, "பழையதைத் திரும்ப எடுக்க என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவது வழி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பழைய இரும்புக் கடைக்காரரை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர் இல்லாவிட்டால் நம் தெருக்கள் எப்போதோ நாறியிருக்கும். ஆனால் அவர் கையிலிருந்து ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். செம்புக்காக பி.வி.சி ஒயரை எரிக்கும்போது டயாக்சின் என்ற நச்சு வரும், அந்த வாடை இரண்டு தெருத் தாண்டியும் வரும். கிரைண்டர், ஃபேன் மாதிரி பெரும்பாலும் இரும்பும் செம்புமாக உள்ளதை அவர் கேட்டால், "எரிக்க மாட்டீங்களே, ஒயரை உரிச்சுத்தானே எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டே கொடுங்கள். டிவி, போன், பேட்டரி, சர்க்யூட் போர்டு, டியூப் லைட் இவற்றை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு போனுக்காக மறுசுழற்சி வண்டி எங்கள் ஊருக்கு வராது. அதனால் எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வீட்டுப் பொருள்களை என் பழைய கடையில் சேர்த்தோம். பேட்டரிகள் மணல் டப்பாவில், பல்புகள் அட்டையில், டிவிகள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி. எண்ணிக்கையைச் சொன்னதும் வண்டி அனுப்பச் சம்மதித்தார்கள். வண்டி வந்ததும் ஓட்டுநரிடம் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் நகலைக் கேட்டேன், காட்டினார். எடை போட்டு, பொருள் வாரியாக எழுதிய ரசீதை வாங்கினேன். ஏற்றும்போது டிவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எறிய ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொல்லி, நாங்களும் கை கொடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினோம். கூடுதலாக அரை மணி நேரம் ஆனது. எட்டு டியூபும் முழுசாகப் போயின.