வெள்ளக் காப்பீட்டில் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

ஐப்பசி பிறந்தால் வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் புதிதாகக் கடை போட்டவர்கள் பாலிசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டான எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் 2015 வெள்ளத்தில் பலர் மாட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். பிரீமியம் கட்ட மறப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

கடன் தொகைக்கு மட்டும் காப்பீடு

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தொழில் நடத்த சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் வாங்கும்போது வங்கியே ஒரு பாலிசி போட்டுவிடும். கடன் 10 லட்சம் என்றால் பாலிசியும் 10 லட்சம். வங்கிக்குத் தன் பணம் பத்திரம். கடைக்காரரும் ‘அதான் இன்சூரன்ஸ் இருக்கே’ என்று இருந்துவிடுகிறார்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. குடோனில் 40 லட்சம் ரூபாய் சரக்கு. அடி அடுக்கு மூட்டைகள் மட்டும் நனைந்து 8 லட்சம் நஷ்டம். “பாலிசி பத்து லட்சத்துக்கு இருக்கு, நஷ்டம் எட்டுதானே அண்ணே, முழுசா வந்துடும்ல?” என்றார்.

வராது. சரக்கில் கால் பங்குக்குத்தான் காப்பீடு இருந்தது. நஷ்டத்திலும் கால் பங்குதான் கிடைக்கும். 2 லட்சம். அதிலும் பாலிசியில் சொன்ன பிடித்தம் போகும். இதைத்தான் நாங்கள் ‘ஆவரேஜ் போடுவது’ என்போம். அவர் நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயரிடம் சண்டைக்குப் போனார். பாவம், சர்வேயர் ஸ்டாக் கணக்கையும் ஜிஎஸ்டி கணக்கையும் கூட்டிப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய் கூடுதல் பிரீமியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்!

ஓரிடத்தில் மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் காப்பீட்டுத் தொகை சரக்கு மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். முக்கால் பங்கு குறைந்தால்? அப்புறம் இன்னொன்று: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கு ஏற்றுகிறீர்கள், வெள்ளமும் அப்போதுதான் வருகிறது. சித்திரை மாதத்துச் சரக்கை வைத்துத் தொகை போடாதீர்கள்.

வீட்டுக்கு நில விலையையும் சேர்ப்பது

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் இந்த ஆவரேஜ் தொல்லை கிடையாது. ஆனால் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு; ராயபுரத்தில் கிரவுண்டு என்ன விலை போகிறது என்பது அல்ல. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பாலிசியில் இல்லாத குடோன்

மணலியில் இருக்கும் சரக்குக்குக் கொருக்குப்பேட்டை முகவரி உதவாது.

கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்வது

வேண்டாம். எஞ்சினுக்குத் தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுக்காதவர் கைக்காசுதான் போகும்.

படம் எடுக்காமல் கழுவிவிடுவது

தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தைத் தேடாதீர்கள். சுவரில் நிற்கும் தண்ணீர்க் கோடுதான் சாட்சி. எண்ணூர்ப் பக்கம் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததால் எண்ணெய்க் கறையே சாட்சியாக நின்றது. அதற்காக சர்வேயர் வரும்வரை எல்லாம் நாறட்டும் என்றும் விட முடியாது, நஷ்டத்தைக் குறைப்பது பாலிசிதாரர் பொறுப்பு. முதலில் வீடியோ, அடுத்து கம்பெனிக்கு மெயில், பிறகு நல்ல சரக்கைப் பிரித்து மேலே ஏற்றுங்கள். கெட்டுப்போன மூட்டையைக் குப்பை லாரியில் ஏற்றுமுன் சர்வேயரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.