காவேரிப்பட்டணத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை: ரேஸ் ஓட்ட நினைக்கும் பெண்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஷிஃப்ட் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, நெசமாவே கார் ரேஸ் ஓட்டினீங்களா? அதுக்கு என்ன பண்ணணும்?" பஸ் சூளகிரி தாண்டுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று சீசன் ஓட்டினேன், ஒரு தடவைகூடப் பரிசு மேடை ஏறவில்லை. ஆனால் என்னென்ன தப்பு செய்யலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். சீசனில் மாங்காய் லோடு, மற்ற நாளில் கிடைத்த லோடு. தொப்பூர் கணவாயில் லாரி இறக்கியவர் மகள், அதனால்தான் ரேஸ் ஓட்டுகிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. "ஏறின கியர்லயேதான் இறங்கணும்" என்பது அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கடைசி வளைவில் மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கின் மேல் அந்த மரியாதையும், எஞ்சின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கமும் ரேஸில் உதவும். மற்றதை மறந்துவிட வேண்டும். டிராக்கில் பிரேக்கைத் தடவித் தடவிப் பிடிக்க முடியாது. நேர்கோட்டில் இருக்கும்போதே ஓங்கி மிதித்து, வளைவுக்குள் நுழைய நுழையக் காலை மெல்ல எடுக்க வேண்டும். எனக்கு இது கைவர ஒரு வருஷம் ஆனது.

அப்புறம், 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பயிற்சி எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். ரோட்டில் வேகம் காட்டுகிறவர்களை டிராக்கில் யாரும் மதிப்பதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? எல்லோரும் கார்ட்டிங், அதாவது கார்ட் என்கிற சின்ன ரேஸ் வண்டி ஓட்டுவது, என்பார்கள். நான் அதற்கு முன்னால் ஒரு படி சொல்வேன்: மார்ஷலாக, அதாவது டிராக் ஓரத்தில் கொடி காட்டுகிறவராக, போய் நில்லுங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, 1990-ல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், வாணியம்பாடி, வேலூர் வழியாக ஒரே ரோடு. ரேஸ் நாட்களில் வளைவுக்கு வளைவு கொடி பிடிக்கத் தன்னார்வலர்கள் வேண்டும். காசு கட்டாமல், டிராக்குக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்க இதைவிட நல்ல வழி கிடையாது. மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் வண்டியில் ஏதோ கோளாறு, பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கும் இடம்) வா. இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தவளுக்கும், வெயிலில் எட்டு மணி நேரம் கொடியோடு நின்றவளுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரே வளைவில் நாற்பது வண்டி எங்கே பிரேக் அடிக்கிறது, யார் சுழன்று போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு அப்புறம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் அத்தனை கற்கவில்லை.

அடுத்தது கார்ட். நமக்குக் கிட்டம் பெங்களூர்தான். வாடகைக் கார்ட்டில் கிளட்ச், கியர் எதுவும் இல்லை. வலது காலுக்கு ஆக்ஸிலரேட்டர், இடது காலுக்கு பிரேக், இரண்டையும் சேர்த்து மிதிக்கக் கூடாது. சஸ்பென்ஷன் கிடையாது, தரையின் மேடு பள்ளமெல்லாம் முதுகில் ஏறும். பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் உள்பக்கப் பின்சக்கரத்தின் பாரம் குறைந்தால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். விலா எலும்புக்குத் தடுப்பு கேட்டு வாங்கிப் போடுங்கள். நான் வேண்டாம் என்று வீராப்பாக ஓட்டிவிட்டு, பத்து நாள் சிரிக்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

வளைவில் எந்தப் பாதையில் போவது என்பதற்கு எங்கள் பக்கத்துச் சந்தூர் ஊரிலிருந்து என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. மாந்தோப்பின் குறுகலான கேட்டுக்குள் டிரெய்லரோடு டிராக்டரைத் திருப்புகிறவரைக் கவனியுங்கள். முதலில் எதிர்ப்பக்கம் நன்றாக ஒதுங்குவார், பிறகு கேட்டின் தூணை ஒட்டி உள்ளே விடுவார், அப்புறம் மறுபடி அகலமாக விட்டுவிடுவார். ரேஸ் லைனும் இதுதான்: வெளியே, உள்ளே, வெளியே. தூண் இருக்கும் இடம்தான் ஏபெக்ஸ். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவசரப்பட்டு முன்னாடியே திருப்புவார்கள். தூணை ஒட்டிப் போனது போலத் தோன்றும், ஆனால் வெளியே வரும்போது டிராக்கின் அகலம் போதாமல் மண்ணில் இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்துத் திருப்புங்கள். கண் எப்போதும் வண்டியின் மூக்கில் இல்லாமல், அடுத்து போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

டயரின் பிடிமானத்தை மாசச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கே முழுவதையும் செலவழித்தால் ஸ்டீயரிங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டுக்கும் பங்கு போடத் தெரிந்த அன்றைக்கு நேரம் தானாகக் குறையும். யாரை முந்தினோம் என்று எண்ணாதீர்கள். பத்துச் சுற்றின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்தும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். தர ஆய்வில் நாங்கள் பார்ப்பதும் இதுதான், ஒரு நல்ல பீஸ் வந்தால் போதாது, தொடர்ந்து வர வேண்டும்.

இதற்கு மேல் ஃபார்முலா (சக்கரம் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை ரேஸ் கார்) அல்லது சலூன் கார் (ரோட்டுக் காரையே ரேஸுக்கு மாற்றியது) என்றால் பயிற்சிப் பள்ளி, பிறகு லைசென்ஸ். ரோட்டு லைசென்ஸ் இதற்குச் செல்லாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பு, அதாவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ., தருகிற போட்டி லைசென்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று இல்லாமல் நகராது. பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நான் முதலில் ஃபார்முலா கார் ஓட்டியது அங்கேதான். போகிற வழியில் அதே தொப்பூரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உடுப்பு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆண்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. என்னிடம் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறதே என்று அதையே எடுத்துப் போனேன். சோதனையில் உள்ளே இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள்துணி எளிதில் தீப்பிடிக்காதது. ஸ்னெல் என்கிற ஹெல்மெட் பாதுகாப்புச் சான்றில் எஸ்.ஏ. என்றிருந்தால் காருக்கு, எம். என்றிருந்தால் பைக்குக்கு. ஓவராலுக்கு (கழுத்திலிருந்து கால் வரை மூடும் ரேஸ் உடுப்பு) உள்ளே நைலான் எதுவும் கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பி வைத்த உள்ளாடை வேண்டவே வேண்டாம். நீளமான முடியா, ஒற்றைப் பின்னலாகப் போட்டு ஓவராலுக்குள் விட்டுவிடுங்கள். மெட்டியைக் கழற்றுங்கள், ரேஸ் ஷூவின் மெல்லிய அடியில் அது விரலைக் கொல்லும்.

தாலியும் அப்படித்தான். கழுத்தில் உலோகம் இருந்தால் தீயில் அதுவே சூடேறிச் சுடும், அனுமதிக்க மாட்டார்கள். இதை எப்படி வீட்டில் சொல்வது என்று நான் ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் மாமியாரிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே போய் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "இதுல இரும்பும் இல்ல, தங்கமும் இல்ல. போய்ட்டு வா" என்றார். தங்கத் தாலி அன்றைக்கு சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது.

இனி பணம். இதைப் பேசாமல் தைரியம், தன்னம்பிக்கை என்று மட்டும் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஜேனட் கத்ரி என்று ஒருவர். இயற்பியல் படித்தவர், விமானம் தயாரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். தன் ஜாகுவார் காரின் எஞ்சினைத் தானே பிரித்துக் கட்டி ரேஸ் ஓட்டியவர். பெண்ணுக்கு நீண்ட ரேஸ் ஓட்ட உடம்பு தாங்காது என்றார்கள். 1976-ல் சார்லட்டில் 600 மைல் ரேஸை ஓட்டி முடித்து 15-ஆவதாக வந்தார். 1977-ல் இண்டியானாபொலிஸ் 500 என்கிற 500 மைல் ரேஸுக்குத் தகுதி பெற்ற முதல் பெண் ஆனார். அங்கே ரேஸ் தொடக்கத்தில் "ஜென்டில்மென், எஞ்சினைக் கிளப்புங்கள்" என்று அறிவிப்பது அப்போது பழக்கம். பெண் இருக்கிறாரே, மாற்றலாமே என்றால், எஞ்சினைக் கிளப்புவது மெக்கானிக்குகள், அவர்கள் ஆண்கள்தானே என்று சாக்குச் சொன்னார்கள். உடனே அவருடைய அணி, எஞ்சினைக் கிளப்பும் வேலையை கே பிக்னாட்டி என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டது! அறிவிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. மறு வருஷம், எலும்பு முறிந்த மணிக்கட்டோடு ஓட்டி 9-ஆவது இடம். அப்பேர்ப்பட்டவரும் அதற்குப் பிறகு அதிக காலம் ஓட்ட முடியவில்லை. ஸ்பான்சர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். சாக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஒழித்தவரை நிறுத்தியது காசு.

அதனால் வண்டியைத் தேடுவதற்கு முன்னால் கணக்கு நோட்டைத் திறங்கள். அணிகள் காரை வாடகைக்குக் கொடுக்கும். நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும், மெக்கானிக் அவர்களுடையவர். ஆனால் இடித்தால் சேதம் யார் தலையில்? அதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. முன் விங் ஒன்றுக்காக ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது, வட்டி கட்டி மீட்க இரண்டு மாங்காய் சீசன் ஆனது.

ஸ்பான்சர் கேட்கும்போது "பெண்ணுக்கு ஆதரவு தாருங்கள்" என்று தொடங்காதீர்கள். இரக்கம் ஒரு தடவைக்குத்தான் காசு தரும். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள்: காரின் எந்த இடத்தில் பெயர் வரும், எத்தனை ரவுண்டு, எத்தனை போட்டோ, அவர்கள் தொழிற்சாலையில் வந்து பேசுவீர்களா. மொத்தத் தொகை கேட்காமல் ஒரு செட் டயர், ஒரு நாள் என்ட்ரி கட்டணம் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். எனக்கு முதல் டயர் செட் வாங்கிக் கொடுத்தவர் மாங்கூழ் வியாபாரி ஒருவர். பெரிய நிறுவனம் ஒன்று, பட்டுப்புடவை கட்டிக் காருக்குப் பக்கத்தில் நின்றால் பணம் தருவதாகச் சொன்னது. காருக்குள் உட்கார்ந்தால்? அதற்குப் பதில் வரவில்லை.

உடம்பைப் பற்றி மூன்றே விஷயம். வளைவில் பக்கவாட்டு விசை தலையை இழுக்கும், ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்துகொள்ளும், அதனால் கழுத்துக்குத் தினமும் பயிற்சி வேண்டும். ஓவராலுக்குள் நம் ஊர் வெயில் தாங்க, ரேஸ் அன்று காலையில் குடிக்கிற தண்ணீர் போதாது, முந்தின நாளே தொடங்க வேண்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் ஓவரால் கழற்றி மாட்டப் பதினைந்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்குங்கள். எல்லா டிராக்கிலும் கழிப்பறை பிட்டுக்குப் பக்கத்தில் இருக்காது.

கடைசியாக ஒன்று. முதல் நாள் டிராக்கில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு நீங்களே கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். கண் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும், நூறு கிலோமீட்டர் வேகம் நடப்பதுபோல் தெரியும். யாரையாவது கூட்டிப் போங்கள், இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூரில் ஏறி பஸ்ஸில் வாருங்கள். எனக்கு அன்று அப்பா வந்திருந்தார். ஆம்பூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான், "அந்த ரெண்டாவது வளைவுல பிரேக்கு லேட்டா புடிச்சியே, வேணும்னுதானே?" என்று கேட்டார்.