காற்று மாசுப் புகார்: முதல் நாளைத் தவறவிடாதீர்கள்

சென்ற வாரம் இரண்டு இளைஞர்கள் ஒரு கட்டு மனுக்களோடு வந்தார்கள். ஊரை ஒட்டிக் கல் உடைக்கும் கிரஷர், வீடெல்லாம் தூசி. மனுக்களின் தேதிகளைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. வழக்கறிஞராகத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே தவறு. கையெழுத்து, முகவரி போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு, புகார் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பதில் வரட்டும் என்று காத்திருப்பது

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டம் மீறப்பட்டால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் 2010-ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டம், 14-ஆம் பிரிவில், வழக்குக்கான காரணம் 'முதன்முதலில்' எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் தருகிறது. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அவ்வளவுதான்.

நான் தொழில் தொடங்கிய காலத்தில் இப்படியொரு தூசிப் புகாரோடு என்னிடம் வந்த அம்மா, கவிழ்த்து வைத்த சொம்பின் அடியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்; மாவுபோல் வெள்ளைத் தூசி. மஞ்சள் பையில் ஒன்பது ஒப்புகைச் சீட்டுகள் வைத்திருந்தார். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வந்தவர். இன்னொரு நினைவூட்டல் அனுப்புவோம் என்று நானும் சொன்னேன். வழக்குப் போட்டபோது பதினோரு மாதம் ஓடியிருந்தது. தூசி தினமும் விழுகிறதே என்று வாதிட்டேன். எதிர்த்தரப்பு எங்கள் முதல் ஒப்புகைச் சீட்டின் தேதியையே எடுத்துப் படித்தது; கெடு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது என்றது. அவர் பத்திரமாகச் சேர்த்து வைத்த சீட்டு அவருக்கே எதிரான சாட்சியானது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்க 15-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அந்தக் கோரிக்கையை நான் மனுவில் சேர்க்கவே இல்லை. இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

மனு கொடுங்கள், ஆனால் மனு கொடுப்பதால் கெடு நிற்காது. மூன்றாம் மாதத்தில் வழக்குக் காகிதம் தயாராகிவிட வேண்டும்.

இசைவாணையைப் பார்க்காமல் எழுதுவது

ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையில்தான் நிபந்தனைகள் இருக்கின்றன. எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். இசைவு பெற்றவர்களின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் நேரில் பார்க்கக் காற்று மாசுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு வழி செய்கிறது. வாரியத்தில் இதைக் கேட்பவர் மிகக் குறைவு.

கைக்கருவியின் எண்ணை நம்புவது

பிஎம் 2.5 நுண்துகளுக்கான தேசிய வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேரச் சராசரி. மாலை ஆறு மணிக்குக் கையடக்கத் தூசி அளவீட்டுக் கருவி காட்டிய எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. புகைபோக்கிக்கு வரம்பே வேறு.

சத்தத்தை விட்டுவிடுவது

1987 திருத்தத்துக்குப் பின் இரைச்சலும் காற்று மாசுதான். சேருங்கள்.

நோட்டீஸ் இல்லாமல் குற்ற வழக்கு

காற்று மாசுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். புகார் தாக்கலானபின் வாரியத்திடம் உள்ள அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.