கண் களைப்புக்குக் காலில் ஒரு புள்ளி: குவாங்மிங்கை அளந்து அழுத்தும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்காக வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர் உண்டு. என் தாயாரும் அவர்களில் ஒருவர். இரவு ஒன்பது மணிக்கு மேல், டியூப் லைட்டுக்கு நேராக ஊசியைத் தூக்கிப் பிடித்து, நூல் முனையை உதட்டில் நனைத்து முறுக்கி, மூன்றாவது முறையும் அது ஊசிக் காதுக்குள் நுழையாமல் விலகிப்போகும்போது, அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் நான் அவருக்கு அழுத்திவிடும் அக்குபங்சர் புள்ளி முகத்தில் இல்லை, காலில் இருக்கிறது.

அதன் பெயர் குவாங்மிங். சீன மொழியில் ஒளி, வெளிச்சம் என்று பொருள். உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவ மரபு கூறும் பாதைகளில் ஒன்றான பித்தப்பைப் பாதையில் 44 புள்ளிகள் உள்ளன. முதல் புள்ளி கண்ணின் வெளிக்கோடியை ஒட்டியும், கடைசிப் புள்ளி நான்காவது கால்விரலிலும் அமைய, குவாங்மிங் 37ஆவதாக வருகிறது. இப்பாதையைக் கல்லீரல் பாதையோடு இணைக்கும் புள்ளி இது என்பதாலும், கல்லீரலின் வாசல் கண் என்பது அம்மரபின் கொள்கை என்பதாலும், கண் வலிக்கும் பார்வை மங்கலுக்கும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்வையை இது கூர்மையாக்கும் என்பதற்கு உறுதியான அறிவியல் சான்று கிடையாது. ஆகவே, களைத்த கண்ணுக்குத் தரும் ஓய்வின் ஒரு பகுதியாக மட்டுமே நான் இதைச் சொல்கிறேன்.

புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் பதித்துக்கொள்ளுங்கள். கணுக்காலின் வெளிப்புறத்தில் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் முனையிலிருந்து ஐந்து சுன் மேலே புள்ளி இருக்கிறது. சுன் என்பது அவரவர் உடலைக் கொண்டே அளக்கும் அளவு: உங்கள் கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன், கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களையும் சேர்த்து வைத்தால், நடுக்கணுவின் நேரே மூன்று சுன். எனவே நான்கு விரல்களை எலும்பு முனைக்கு மேலே கிடையாக வைத்து, அதற்கும் மேலே இரண்டு கட்டைவிரல் அகலம் சேர்த்தால் ஐந்து சுன் ஆகிவிடும். பிறருக்கு அழுத்துகிறவர்கள் தங்கள் விரலால் அல்ல, யாருக்கு அழுத்துகிறார்களோ அவருடைய விரலால்தான் அளக்க வேண்டும்.

தையல்காரர் வீடு என்பதால் நாங்கள் டேப்பையும் வைத்துச் சரிபார்த்தோம். அந்த எலும்பு முனையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையிலான நீளத்தை மரபு 16 சுன்களாகப் பிரிக்கிறது. டேப்பில் அந்த நீளம் 16 அங்குலம் இருந்தால் புள்ளி 5 அங்குல உயரத்தில் இருக்கும், 40 செ.மீ. என்றால் 12.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரம் கிடைத்ததும், கெண்டைக்காலின் வெளிப்புறம் நெடுக ஓடும் மெல்லிய எலும்பை விரலால் தடவி, அதன் முன் விளிம்பை ஒட்டினாற்போல் அழுத்திப் பாருங்கள். என் தாயார், “இங்கதாம்மா, விண்ணுன்னு இருக்கு” என்று சொன்ன இடம் டேப் காட்டிய இடத்திலிருந்து அரை விரல்கூடத் தள்ளியிருக்கவில்லை.

கட்டைவிரலின் சதைப்பகுதியால் மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, இதமான வலி தெரியும் அளவில் நிறுத்தி, ஒன்று அல்லது இரண்டு நிமிடம் சீராக மூச்சு விட்டபடி இருந்துவிட்டு, அடுத்த காலுக்கு மாறுங்கள். நகம் படக் கூடாது. கண்கள் மூடியே இருக்கட்டும். பிறகு எழுந்து, தெருமுனை வரை சற்று நேரம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

ஊசி குத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை, வீட்டில் வேண்டாம். கால் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்களும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பவர்களும், புண் உள்ளவர்களும் அழுத்தக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது என்பதால் அவர்களும் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். காலின் உட்புறத்தில், கணுக்காலுக்கு மூன்று சுன் மேலே, கர்ப்பகாலத்தில் மரபே விலக்கி வைத்திருக்கும் வேறொரு புள்ளி உள்ளது.

நாற்பது வயதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்து, கண்ணின் வில்லை விறைப்பதால் ஏற்படுவது; எந்தப் புள்ளியும் அதை மாற்றாது. என் தாயாரின் நூல் ஊசிக்குள் போனது கண்ணாடி போட்ட பிறகுதான். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் ஒரு நாளும் அதை நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ காலைத் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள். 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்; வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த நிலையம்தான்.